பிளாசு வீட்டு மழை

பிளாசு வீட்டுக் கூடத்தில் மழை பெய்கிறது என்று சொன்னால் நெடுங்கானல் மலையில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், நன்றாகப் பெய்கிறதா இல்லை தூறலோடு நின்றுவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். வீட்டுக்கு வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால்தான், அந்தக் கடைசி வருஷங்களில், சொன்னவன் குடித்திருக்கிறானா என்று கிட்டத்தில் போய் மோந்து பார்த்தார்கள்.

வீட்டைக் கட்டியவன் பிரிச்சர்ட் துரை. வெள்ளைத்தோல் என்றால் எல்லாரும் இங்கிலீஷ்காரன்தான் என்று மலைக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், நான் வேல்ஸ்காரன், அது வேறு இது வேறு என்று கணக்குப்பிள்ளையிடம் மேசையைத் தட்டிச் சண்டை போட்ட மனுஷன். வேல்ஸ் தேசத்தில் ஒரு மலைச்சரிவில் அவனுடைய முப்பாட்டன் கட்டிய மாளிகை இருந்தது, அதற்கு நிலம் இருந்தது, ஆட்டுமந்தை இருந்தது, எல்லாம் மூத்தவனுக்கு என்று வழக்கமும் இருந்தது. மூன்றாவது பிள்ளையான இவனுக்குக் கிடைத்தது ஒரு துப்பாக்கியும் ஒரு கப்பல் டிக்கெட்டும்தான். காப்பித் தோட்டத்தில் நாலு காசு பார்த்ததும் அவன் செய்த முதல் காரியம், அண்ணன் வாழும் அந்த வீட்டை அச்சு அசலாக இங்கே கட்டியது. அதே புகைபோக்கிகள், அதே நடுக்கூடம், கூடத்திலிருந்து வளைந்து ஏறும் அதே மரப்படி, அதே கறுத்த சிலேட்டுக் கல் கூரை. கல் கப்பலில் வந்தது, அடிவாரம் வரைக்கும் மாட்டுவண்டியில் வந்தது, அதற்கு மேல் பாதையில்லாததால் கீழ்நாட்டில் பஞ்சம் பிழைக்க வந்த சனங்களின் தலையில் வந்தது. பிளாஸ் என்றால் அவன் பாஷையில் மாளிகையாம். சுமந்தவர்கள் அதை பிளாசு வீடு என்றார்கள், சுமந்து முடித்தபின் அங்கேயே, கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் தங்கிவிட்டார்கள்.

அவன் மனைவி பெயர் கைன்வென், மலைக்காரர்கள் வாயில் கன்னிவேணி. அந்தப் பெண் வந்து இறங்கி வீட்டைப் பார்த்தாள், தான் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து சிறுவயதில் பார்த்து வளர்ந்த வீடு அப்படியே நின்றது, உள்ளே போய் ஜன்னலைத் திறந்தாள், ஜன்னலுக்கு வெளியே மட்டும் வேறு தேசம் இருந்தது. வீடு கொஞ்சம் மாறி இருந்திருந்தாலாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள், பாவம். அவள் மரப்படியில் போய் உட்கார்ந்து, தன் ஊரில் இந்நேரம் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தாள், உடனே கூடத்தில் மழை பெய்தது.

நம்முடைய மலைமழை மாதிரி அடித்துப் பெய்யவில்லை. ஊசி ஊசியாக, சாய்வாக, சத்தமே இல்லாமல், விறைக்கிற குளிரோடும் நனைந்த ஆட்டு மயிரின் வாசனையோடும் பெய்தது. துரை கூரை ஒழுகுகிறது என்று சிலேட்டுக் கல்லையெல்லாம் பிரித்து அடுக்கச் சொன்னான். கல்லும் காய்ந்திருந்தது, கீழே மச்சும் காய்ந்திருந்தது, மச்சுக்குக் கீழேதான் மழை ஆரம்பித்தது. பிறகு அவனும் பழகிக்கொண்டு, கூடத்துச் சாமான்களை ஓரமாக நகர்த்தி, கொத்தனை விட்டுத் தரையில் வாட்டம் எடுத்து, ஓடை வெட்டி, சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கல்தொட்டியில் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். விருந்துக்கு வருகிற மற்ற துரைமார்களுக்கு வாசலில் குடை கொடுக்கப்பட்டது, வெளியே வெயில் அடிக்கும்போதும். பங்களா வேலைக்காரிகள் கோணிச்சாக்கை முக்காடாக மடித்துப் போட்டுக்கொண்டு கூடம் பெருக்கினார்கள். வேல்ஸில் அண்ணன்காரன் வம்சமும் அற்றுப்போய், அசல் வீட்டின் கூரையை யாரோ பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள், அங்கே விழுகிற மழைதான் இங்கே விழுகிறது என்று தோட்டத்துப் பள்ளி வாத்தியார் ஒரு காரணம் சொன்னார். தண்ணீர் எங்கிருந்து வந்தால் என்ன, தொட்டி நிறைந்தால் சரி என்று சனங்கள் வாத்தியாரை விட்டுவிட்டார்கள்.

கன்னிவேணி அம்மா செத்துப்போன அன்று மழை நின்றது. அவளைத் தோட்டத்திலேயே புதைத்துவிட்டு, துரை வீட்டை விற்றுவிட்டுக் கப்பலேறினான். எந்த வீட்டுக்குப் போனானோ தெரியாது.

வாங்கியவர் விருதுநகர்ப் பக்கத்து மொத்த வியாபாரி வன்னியப்பெருமாள். அவர் குடிவந்தபோது கூடம் காய்ந்துதான் கிடந்தது, மலைமேல் ஓடைகளும் இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. ஒருநாள் காலையில் கூடம் பெருக்கிக்கொண்டிருந்த இருளாயி, சும்மா வாய் சும்மா இருக்கமாட்டாமல், படியில் உட்கார்ந்திருந்த வியாபாரியின் மனைவி சோலையம்மாளிடம், "ஒங்க ஊரு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள்.

"வெளாத்திகொளத்துக்குக் கெழக்க. இப்பம் மொளகாப் பழம் காயப் போட்டிருப்பாக. களமே செவப்பாக் கெடக்கும்" என்று சோலையம்மாள் சொல்லி வாயை மூடவில்லை, அவள் வகிட்டில் ஒரு சொட்டு விழுந்தது. மழையையே அண்ணாந்து பார்த்துப் பழகாத கரிசல் காட்டுக்காரிக்கும், வந்தது என்னவோ அதே வேல்ஸ் மழைதான், அதே ஆட்டு மயிர் வாசனைதான். அது அந்த வீட்டின் பழக்கம்.

ஓடைக்கு இறங்கிக் குடம் சுமக்கிற பாடு மிச்சம் என்று அன்றைக்கு ஏற்பட்டதுதான் ஊர் கேட்கிற முறை. பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புவதற்கு முன்னால், லைனிலிருந்து ஒரு பெண் பிளாசு வீட்டுக்குப் போய், வீட்டுக்கார அம்மாவிடம் ஊரைக் கேட்டுவிட்டு வரவேண்டும். பெரிய விஷயங்களைக் கேட்கக்கூடாது. சாவையும் கல்யாணத்தையும் கேட்டால் கண்ணீர்தான் வரும், மழை வராது. சின்னதாகக் கேட்கவேண்டும். ஒங்க வீட்டு வாசலு எந்தப் பக்கம் பாத்ததும்மா, ஒங்க ஊர்ல தோசைக்கு என்ன தொட்டுக்குவாக, இந்நேரம் யாரு தண்ணிக்குப் போவா. கேட்டுவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பேசாமல் பெருக்கவேண்டும், மற்றதை அந்த அம்மாவே பார்த்துக்கொள்ளும். இன்னொரு காரியமும் கூடவே இருந்தது, அதை யாரும் முறை என்று சொல்லிக்கொள்ளவில்லை. சோலையம்மாள் பின்கட்டில் ஒரு முருங்கைக் கொம்பு ஊன்றித் துளிர்விட்டபோது அது எப்படியோ பிடுங்கிக் கிடந்தது. போஸ்ட் மாஸ்டர் மனைவியோடு அவளுக்குச் சிநேகம் உண்டானபோது அந்த அம்மாளிடம் யாரோ போய் என்னவோ சொல்லி, அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். யாருக்கும் சோலையம்மாள் மேல் கோபமில்லை. அம்மன் கொடையில் முதல் திருநீறு அவளுக்குத்தான், அவளுக்குத் தலைவலி என்றால் லைனே சுக்குத் தட்டியது. தனக்குப் போகத்தான் தானமும் தருமமும். அந்த அம்மா நூறு வருஷம் நல்லா இருக்கணும், ஆனா இங்கே மனசு ஒட்டாம இருக்கணும் என்று பெண்கள் சாமி கும்பிட்டார்கள், சாமியும் கேட்டது.

சோலையம்மாள் காலமாகி, அவள் பேரன் தவசிமுத்து தோட்டத்துக்கு முதலாளியாகிக் கல்யாணம் செய்துகொண்டு வந்த வருஷத்தில்தான் மலையில் மழை நின்றது. பூமழை இல்லாமல் காப்பிச் செடி பூக்கவில்லை. அடுத்த வருஷம் ஓடைகளில் கல் தெரிந்தது, அதற்கடுத்த வருஷம் கல்லுக்கு அடியில் கிடந்த ஈரமும் போயிற்று. காட்டு எருமைகள் லைனுக்குள் வந்து அண்டாக்களை நக்கின. அப்போது மலை முழுவதற்கும் இருந்த தண்ணீர், தவசிமுத்துவின் மனைவி சண்முகக்கனி தன் ஊரை நினைத்ததால் வந்த தண்ணீர் மட்டும்தான்.

கனி தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்து ஊர்க்காரி. இருளாயியின் மகள் குருவம்மாதான் அப்போது ஊர் கேட்கப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவைவிட மகள் கெட்டிக்காரி, எதைக் கேட்டால் கனிக்கு நெஞ்சு இளகும் என்று அவளுக்குத் தெரியும்.

"இப்ப ஒங்க ஊர்ல என்னம்மா பண்ணிக்கிட்டு இருப்பாக?"

"இப்பமா? உப்பு வாருவாவ. எங்கய்யா சைக்கிள வரப்புல சாச்சுப் போட்டுட்டு நிப்பாவ. வெயிலு ஏறுச்சுன்னா பாத்தியப் பாக்க முடியாது பாத்துக்கிடுங்க, கண்ணு கூசும். கூசுனாலும் பாத்துக்கிட்டே இருப்போம், நானும் எந் தங்கச்சியும், யாரு மொதல்ல கண்ண மூடுதான்னு."

மழை பெய்யும். குருவம்மா சாக்கு முக்காட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண்ணைப் பார்ப்பாள். கனி குடை பிடிக்க மாட்டாள், நனைந்துகொண்டே சிரிப்பாள். குருவம்மாவுக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது, சொந்த மகளைப் பிடிக்கிற மாதிரியே பிடித்திருந்தது. சொந்த மகள் கைக்குழந்தையோடும் காய்ந்த தொண்டையோடும் லைனில் கிடந்தாள் என்பதுதான் வித்தியாசம்.

கனி முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக அவள் அம்மா பூவம்மாள் ஜீப் வைத்துக்கொண்டு வந்தாள், புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் தூக்குச்சட்டிகளில் கொண்டுவந்தாள். கனி ஒரு வாரமாகவே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள், அந்த வாரம் பெய்த மழையில் தொட்டி வழிந்தது. ஆனால் அவள் போய்விட்டால், குழந்தை பிறந்து மாதங்கள் கழிந்து திரும்பி வரும் வரைக்கும் மலைக்கு யார் தண்ணீர் கொடுப்பது? கங்காணி கருத்தப்பாண்டி பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணாமல் நின்றார். எல்லாரும் குருவம்மாவைப் பார்த்தார்கள்.

"நீ பேறுகாலம் பாக்குறவ. நீ சொன்னா அந்தம்மா கேக்கும்" என்றார் கங்காணி.

"என்னண்ணே சொல்லச் சொல்றீக?"

"ஏங்கிட்ட ஏன் கேக்குற? ஓம் பேத்தி நாக்கப் பாத்துட்டுப் போயிச் சொல்லு."

குருவம்மா போனாள். கனியைப் படுக்கவைத்து வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள், பிள்ளை அம்சமாக இருந்தது, கையை ஒரு உதை உதைத்தது. வெளியே வந்து பூவம்மாளிடம், "பிள்ள கீழ எறங்கியிருக்கும்மா. கொண்டை ஊசி வளைவுல ஜீப்புல எறக்குனா தங்காது. இங்கனயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்" என்றாள். சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை, அதை நினைத்துத்தான் அவள் பிற்பாடு வெகுகாலம் அழுதாள்.

பூவம்மாள் நம்பினாள். மகளோடு தங்கினாள். அங்கேதான் மலைக்காரர்கள் கணக்குத் தப்பியது, ஏனென்றால் அம்மா பக்கத்தில் இருக்கும்போது பிள்ளைக்கு ஏது ஊர் ஏக்கம், கூடம் காய்ந்துவிட்டது. குருவம்மா காலையில் போய் ஊரைக் கேட்டால், தாயும் மகளுமாகப் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொல்லிச் சிரித்தார்கள். தொட்டியில் பாசி தெரிந்தது. ஆனால் பூவம்மாள் பழைய மனுஷி, பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக்கூடாது என்று வளர்ந்தவள், தான் கொண்டுவந்த அரிசியை வேறு அடுப்பில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தாள். அரிசி தீர்ந்தது. மருமகன் வீட்டுக் குதிரில் நெல் நிறைய இருந்தது. அதைத் தொட அவள் வைராக்கியம் விடவில்லை, லைனில் கடனாக ஒரு படி கேட்டாள், லைனில் ஒருத்தி வீட்டிலும் அரிசி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் மகளின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

"பிள்ளப் பெத்தவுடனே தந்தி குடுங்க. மறு வண்டிக்கி வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள் குருவம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

ஜீப் முதல் வளைவில் திரும்பி மறைந்ததும் பெய்தது பாருங்கள் ஒரு மழை, அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அப்படிப் பெய்ததில்லை. ஓடை கொள்ளாமல் வாசல்வழியாக வழிந்தது. சனங்கள் அண்டா குண்டா, சருவம், செம்பு, மண்ணெண்ணெய் டின், பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தட்டு வரைக்கும் கொண்டுவந்து பிடித்தார்கள், பிடித்துத் தீராமல் குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள், குழந்தைகள் வருஷக்கணக்கில் காணாத சுகத்தில் கத்திக் கூத்தாடின. மரப்படியில் கனி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று அவளை யாரும் ஊர் கேட்கவேண்டியிருக்கவில்லை.

பிள்ளை அந்த வீட்டிலேயே பிறந்தது. பெண் குழந்தை. குருவம்மாதான் பார்த்தாள், ஒரு குறையும் வராமல் பார்த்தாள். தந்தி கொடுக்கப் போன ஆள் அதை மடியில் வைத்துக்கொண்டு டீக்கடையோடு திரும்பிவிட்டான், அவனிடம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மழை தினமும் பெய்தது, ஆனால் நாளுக்கு நாள் இளைத்தது. அப்புறம் ஒருநாள் காலையில் குருவம்மா போனபோது கனி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஒங்க ஊர்ல என்னம்மா பண்ணிக்கிட்டு இருப்பாக?"

கனி தலை நிமிரவில்லை. "எந்த ஊருக்கா?" என்றாள்.

வேண்டுமென்று சொல்லவில்லை, கோபத்தில் சொல்லவில்லை, பொய்யாகவும் சொல்லவில்லை. குருவம்மா உப்பளத்தை எடுத்துக் கொடுத்தாள், வரப்பில் சாய்த்த சைக்கிளை எடுத்துக் கொடுத்தாள், யார் முதலில் கண்ணை மூடுகிறாள் என்று தங்கையோடு போட்ட பந்தயத்தை எடுத்துக் கொடுத்தாள். "ஆமா, அப்படித்தான் இருக்கும்" என்று கனி கேட்டுக்கொண்டாள், யாரோ ஒருத்தி ஊர்க்கதையைக் கேட்கிற மாதிரி. ஏங்கி ஏங்கிக் கயிறு இற்றுவிட்டது. கூடம் காய்ந்தே கிடந்தது.

இப்போது எந்தச் சனங்கள் அவளைப் போகவிடாமல் பிடித்து வைத்தார்களோ அதே சனங்கள் தவசிமுத்துவின் காலில் விழுந்தார்கள், அம்மாவை ஊருக்கு அனுப்பிவையுங்கள், இருந்துவிட்டு வரட்டும், புதிதாக ஏங்கிக்கொண்டு வரட்டும் என்று. மாசக்கணக்கில் இருக்கட்டும் என்று அனுப்பினால், போன ஜீப்பிலேயே கனி திரும்பி வந்தாள். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறார்கள் என்றாள். "தண்ணிதான் உப்புக் கரிக்கி. பிள்ளைக்குச் சேரல" என்றாள். அதோடு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். சரி, பெண் குழந்தை இருக்கிறதே, வளர்ந்தால் ஏங்காதா என்று கங்காணி ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார், சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது, அந்தப் பிள்ளை பிறந்த ஊர் இதுதான், அதற்கு ஏங்க வேறு ஊர் இல்லாமல் செய்தது தாங்கள்தான் என்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் கீழே என்றார்கள். குருவம்மாவின் மகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். வா என்று கூப்பிட்டாள், நீ போ, அடுத்தாப்புல வாரேன் என்று சொல்லிக் குருவம்மா தங்கிவிட்டாள், ஏனென்றால் அவளுக்குக் கனியிடம் சொல்லவேண்டியது ஒன்று பாக்கியிருந்தது. அதைச் சொல்லத்தான் தினமும் காலையில் குடத்தோடு போனாள், சொல்லாமல் தினமும் ஊரைக் கேட்டுவிட்டு வந்தாள்.

லைன் முழுவதும் காலியாகி, தொட்டியின் அடியில் கிடந்த தண்ணீர்தான் மிச்சம் என்றான பிறகு ஒருநாள் கனி மரப்படியில் உட்கார்ந்து, பக்கத்தில் குருவம்மாவையும் உட்காரச் சொன்னாள். குழந்தை கூடத்துத் தரையில் தவழ்ந்தது.

"குருவக்கா, எங்கிட்டயே கேட்டுக்கிட்டு இருக்கியளே. ஒங்க ஊரு எது?"

குருவம்மாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் அம்மாவையும் கேட்டதில்லை. வீட்டுப் பத்திரம் யார் பேரில் என்று பார்த்தா அந்த மழை பெய்தது? லைன் நிறைய, வேறெங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டப்பட்ட சனங்கள் இருக்கும்போது, ஏன் இத்தனை காலமும் ஒரே ஒரு பெண்ணைப் பிடித்து உட்காரவைத்து ஏங்கவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. எழுந்துபோய்க் குடத்தைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எங்க பூட்டி கீழேருந்து வந்தாளாம்மா. இந்தக் கூரைக் கல்லத் தலையில சொமந்துக்கிட்டு."

"கீழன்னா எந்த ஊரு?"

"கீழதாம்மா."

"சின்னதா எதாச்சும் சொல்லுங்கக்கா. வாசலு எந்தப் பக்கம் பாத்துருந்துச்சு? என்ன பயிரு போட்டாவ?"

குருவம்மா கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். சிவந்து கிடக்கிற மிளகாய்க் களம் வந்தது, அது சோலையம்மாளுடையது. கண்ணைக் கூசுகிற உப்புப் பாத்தி வந்தது, அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுடையது. நனைந்த ஆடுகள் மலைச்சரிவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன, அவை தோட்டத்தில் புதைந்து கிடக்கும் அந்த வெள்ளைக்காரியுடையவை. கேட்டுக் கேட்டு எல்லாருடைய ஊரும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"தெரியலையேம்மா" என்றாள்.

கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அண்ணாந்து மச்சைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார்கள். அப்புறம் குடத்தை எட்டிப் பார்க்கக் குருவம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. கனிதான் எழுந்துபோய்ப் பார்த்தாள், பார்த்துவிட்டு, குழந்தை உருட்டி விளையாடாமல் இருக்கக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.